நான் யார் வீட்டுப் பிள்ளை?



தோட்டத்தில் ஒரு புதுமுகத்தைக் கண்டால் நம் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். "மேட்டு லயத்துப் பாட்டியின் பேரன்" என்றோ, "பழைய கங்காணி மகள் வயிற்றுப் பேத்தி" என்றோ பதில் வந்துவிட்டால் போதும். தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், பாட்டி எந்த நெரையில் பால்மரம் வெட்டினார், எந்தத் திருவிழாவில் யார் தீ மிதித்தார் என்று ஒரு குடும்பத்தின் கதையே அவிழ்ந்துவிடும். நமக்கு இது சாதாரணம். மூச்சு விடுவதைப் போல் நாம் இதைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஆனால், இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நாற்பது, ஐம்பது வயதுவரை வாழ்ந்துவரும் மனிதர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஏழைகள் அல்லர். நல்ல படிப்பு, நல்ல வேலை, அன்பான வளர்ப்புப் பெற்றோர் எல்லாம் அவர்களுக்கு உண்டு. ஆயினும், கண்ணாடியில் முகம் பார்க்கும்போது அந்த முகச்சாயல் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. குழந்தைப் பருவத்தில் தத்துக் கொடுக்கப்பட்டு, கடல் கடந்து வேறு நாட்டில் வளர்ந்தவர்கள் அவர்கள். தம்மைப் பெற்றவர் யார் என்று தேடி வரும் அவர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்பதையே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

"இது ஐரோப்பாக்காரர் விவகாரம், தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இந்தக் கதை நம்மைப் போன்ற தோட்டத்து லயங்களிலும் நடந்திருக்கிறது.

நாடு விட்டு நாடு தத்துக் கொடுக்கும் வழக்கம் பெரிய அளவில் வளர்ந்தது கொரியப் போருக்குப் பிறகு. 1953ஆம் ஆண்டில் அந்தப் போர் ஓய்ந்தபின், தென்கொரியாவிலிருந்து பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டனர். போர் முடிந்து பல்லாண்டுகள் ஆகியும் அந்தப் போக்கு நிற்கவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவ்வாறு அனுப்பப்பட்டார்கள். பிறகு கொலம்பியா, பிரேசில், இந்தோனேசியா, வங்காளதேசம், இந்தியா, இலங்கை எனப் பல நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள்.

இவற்றுள் இலங்கையின் கதையை நாம் சற்று விரிவாகப் பார்ப்போம். 1970களில் தொடங்கி 1990கள் வரை, சுமார் 11,000 இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தத்துப் போனார்கள். நெதர்லாந்துக்கு மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். சுவிட்சர்லாந்துக்குச் சுமார் 900 பேர். இவர்களைத் தவிர சுவீடன், ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளுக்கும் பிள்ளைகள் சென்றார்கள். வெளிநாட்டுத் தம்பதியர் இலங்கைக்கு வந்து, சில வாரங்கள் தங்கி, நீதிமன்ற உத்தரவு பெற்று, கைக்குழந்தையோடு விமானம் ஏறினார்கள். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் முறைப்படி நடந்ததுபோல்தான் இருக்கும்.

உண்மை பல இடங்களில் வேறாக இருந்தது. பிள்ளை வேண்டும் என்று பணத்தோடு காத்திருப்பவர்கள் ஒரு பக்கம். வறுமையிலும் அவமானத்திலும் சிக்கிய இளம்பெண்கள் மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே தரகர்கள் புகுந்தார்கள். கர்ப்பிணிப் பெண்களையும் கைக்குழந்தைகளையும் ஒரே இடத்தில் வைத்து விலை பேசும் 'பிள்ளைப் பண்ணை'கள் தோன்றின. பெற்றவள் நீதிமன்றத்துக்கு வர முடியாத இடங்களில், கூலிக்கு அமர்த்திய வேறொரு பெண் "நானே இதன் தாய்" என்று நின்று கைநாட்டு வைத்தாள். பிறந்த குழந்தை இறந்துவிட்டது என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகச் சில தாய்மார் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். வேறு சிலர், வயிறு காயாமல் எங்கோ ஓரிடத்தில் பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்று, கண்ணீரோடு தாமே மனமுவந்து கொடுத்தார்கள். எல்லாத் தத்தும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. எது நேர்மையானது, எது பொய் என்று காகிதத்தை மட்டும் பார்த்து அறிய முடியாது என்பதுதான் துயரம்.

1987ஆம் ஆண்டில் இத்தகைய இடங்கள் வெளிச்சத்துக்கு வந்தபோது, இலங்கை அரசு வெளிநாட்டுத் தத்துகளைச் சிலகாலம் நிறுத்தி வைத்தது. 1992ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கியது. நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று 2017ஆம் ஆண்டில் இந்த விவகாரத்தை மீண்டும் கிளறியது. அப்போது இலங்கையின் சுகாதார அமைச்சராக இருந்த ராஜித சேனாரத்ன, பிள்ளைப் பண்ணைகள் இருந்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டார்.

கைக்குழந்தைகளைக் கொடுத்த அந்தத் தாய்மாருள் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த பெண்களும் இருந்தார்கள். நம் முன்னோரைப் போலவே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி வழியாகக் கடல் கடந்த குடும்பங்களின் பெண்கள் அவர்கள். இன்று டச்சு மொழியோ ஜெர்மன் மொழியோ மட்டும் பேசும் ஒருவருடைய பாட்டி, மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தவராக இருக்கலாம். இப்போது சொல்லுங்கள், இது வேற்றார் விவகாரமா?

அடுத்து, நம்மில் பலர் மனத்தில் எழும் ஒரு கேள்விக்கு வருவோம். "எடுத்து வளர்த்தவர்கள் சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள். அப்படியிருக்கப் பெற்றவளைத் தேடிப் போவது நன்றி கெட்டதனம் இல்லையா?"

கர்ணனின் கதை நாம் அறிந்ததே. ஆற்றில் விடப்பட்ட குழந்தையைத் தேரோட்டியான அதிரதனும் அவன் மனைவி ராதையும் எடுத்து வளர்த்தார்கள். அதனாலேயே அவனுக்கு ராதேயன் என்ற பெயரும் உண்டு. தன் பிறப்பு அறியாமல் அவன் பட்ட சிறுமை கொஞ்சமா? சபை நடுவே குலம் என்ன என்று கேட்கப்பட்டபோது அவன் தலை குனிந்தான். பிறகு குந்தியே தன் தாய் என்ற உண்மை தெரிந்தது. தெரிந்தபின் ராதையை அவன் கைவிட்டானா? இல்லை. வளர்த்தவளின் மீது அவன் கொண்ட அன்பு ஓர் இம்மியும் குறையவில்லை. உண்மையை அறிவது ஒன்று, நன்றி மறப்பது வேறொன்று. கர்ணன் கதையில் கொடுமை எது என்றால், உண்மை மிகத் தாமதமாக, போர் வாசலில் வந்து சேர்ந்ததுதான்.

தேடி வருகிறவர்கள் எதற்காகத் தேடுகிறார்கள்? ஒருவருக்கு மருத்துவர், "உங்கள் பரம்பரையில் இனிப்பு நீர் உண்டா? நெஞ்சு நோய் உண்டா?" என்று கேட்கும்போது பதில் வேண்டும். இன்னொருவருக்குத் தமக்குப் பிள்ளை பிறந்ததும், பத்து மாதம் சுமந்தவள் எந்த நிலையில் தம்மைக் கொடுத்திருப்பாள் என்ற எண்ணம் வரும். மற்றொருவர் தம் தத்துத் தாள்கள் பொய்யானவை எனச் செய்தியில் அறிந்து, பிறந்த நாள்கூட உண்மைதானா என்று ஐயுறுகிறார். சிலருக்குக் காரணமே சொல்லத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தாகம் மட்டும் இருக்கும். அந்தத் தாகமே போதுமான காரணம்.

உலக நாடுகளும் இதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, ஒரு குழந்தைக்குத் தன் பெற்றோரை இயன்றவரை அறியும் உரிமை உண்டு என்கிறது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, தத்துப்போன பிள்ளையின் பிறப்புப் பற்றிய தகவலைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கையை முதலில் ஏற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

பெற்றுக்கொண்ட நாடுகளும் தங்கள் பங்கை ஒப்புக்கொள்ளத் தொடங்கியுள்ளன. சுவிட்சர்லாந்து அரசு 2020ஆம் ஆண்டு டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்தில் ஓர் ஆய்வுக் குழு 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, முறைகேடுகளை அரசு முன்பே அறிந்திருந்தும் தடுக்கவில்லை என்று கூறியது. அரசு மன்னிப்புக் கேட்டது. தென்கொரியாவில் உண்மை அறியும் ஆணையம் 2025ஆம் ஆண்டு மார்ச்சில் இதே போன்ற முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு அதிபர் மன்னிப்புக் கேட்டார். போனது திரும்பாது. ஆனாலும், "பிழை உன்னுடையதன்று" என்று ஓர் அரசு சொல்வதைக் கேட்பது, வாழ்நாள் முழுதும் தம்மையே குறைசொல்லி வந்தவர்களுக்கு ஒரு மருந்து.

சரி, தேடல் ஏன் அவ்வளவு கடினம்? ஊர் பேரைச் சொல்லிக் கேட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா?

முதல் தடை, தாள்கள். பெயர் பொய்யாக இருக்கலாம். முகவரி பொய்யாக இருக்கலாம். கையொப்பமிட்டவள் தாயே அல்லாத வேறொருத்தியாக இருக்கலாம். உண்மைப் பெயரே இருந்தாலும், தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, பின் டச்சுக்காரர் படிக்கும்போது அது உருமாறிப் போயிருக்கும். நம் வீடுகளிலேயே பாருங்கள், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், லயத்தில் கூப்பிடுவது இன்னொரு பெயர்.

இரண்டாம் தடை, இடம் மாறிய மக்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இலங்கை மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, லட்சக்கணக்கானோர் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் இன்றும் அந்தக் குடும்பங்கள் தேயிலைத் தோட்டங்களில் வாழ்கின்றன. 1977, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. ஆகவே, கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளையைப் பெற்ற தாயைத் தேடுகிறவர், கூடலூர் மலைச்சரிவிலும் வன்னியின் வயல்வெளியிலும் தேட வேண்டியிருக்கலாம். கடலின் ஒரு கரையில் மட்டும் விசாரித்துவிட்டு, "அப்படி ஒருத்தி இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்றாம் தடை, தோட்டத்தின் நிர்வாகமே மாறிப்போனது. இலங்கைத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமை ஆயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளுக்குப் போனது. கை மாறும்போது பழைய பேரேடுகள் தொலைவதுண்டு. அதோடு, தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம்மவர் வாயில் வேறொரு பெயர். நம் மலேசியத் தோட்டங்களிலும் இப்படித்தானே? வெள்ளைக்காரன் வைத்த பெயர் பலகையில் இருக்கும்; நாம் வழங்கும் பெயர் மரத்தையோ ஆற்றையோ ஒட்டியிருக்கும். வெளிநாட்டுக்காரர் பலகைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அங்கே ஒரு தமிழ்ப் பாட்டியின் நினைவு, அரசாங்கக் கோப்பைவிடப் பெரிய உதவி செய்யும்.

தாள்கள் தோற்கும் இடத்தில் விஞ்ஞானம் ஒரு வழி காட்டியுள்ளது. அதுவே டி.என்.ஏ. எனப்படும் மரபணுச் சோதனை. நம் உடலின் உயிரணுக்களில் ஒரு பரம்பரைக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அதில் பாதி தாய் தந்தது. பாதி தந்தை தந்தது. ஒரு ரசீதை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டால், எத்தனை ஆண்டு கழித்தும் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம் அல்லவா? அதைப் போன்றது இது. உடன்பிறந்தவர்களிடம் ஏறக்குறையப் பாதி ஒத்துப்போகும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன் பிள்ளைகளிடம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு ஒத்துப்போகும். எச்சில் சிறிது கொடுத்தால் போதும். ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால், இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிழித்த ரசீதின் மறுபாதியும் கிடைத்தால்தானே பொருத்த முடியும்? சோதனை செய்துகொள்வோர் பெரும்பாலும் வசதியான நாட்டவர். கொழுந்து பறிக்கும் தாயின் எச்சில் எந்தக் கம்பெனியிலும் பதிவாகியிருக்காது. ஆகவேதான், தத்துப்போன பிள்ளைகளே கூடி அமைப்புகள் நடத்தி, தேடும் தாய்மாருக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுபோய்ச் சேர்க்க முயல்கிறார்கள். தென்கொரிய அரசு 2020ஆம் ஆண்டு முதல், வெளிநாடுகளில் உள்ள தன் தூதரகங்களிலேயே தத்துப்பிள்ளைகள் மரபணு கொடுக்க வழி செய்தது. பிள்ளைகளை அனுப்பிய மற்ற நாடுகளும் பின்பற்றத்தக்க முறை இது.

இனி, நாம் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். இலங்கையிலோ தமிழகத்திலோ நம் உறவினர் இருக்கலாம். தேடி வரும் ஒருவருக்கு மொழிபெயர்க்க, விசாரிக்க, வழிகாட்ட நம்மில் யாரேனும் அழைக்கப்படலாம். அப்போது மனத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, காது கொடுங்கள். "பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்காதீர்கள். "உன் அதிர்ஷ்டம், வெளிநாட்டில் சொகுசாக வளர்ந்தாய்" என்றும் சொல்லாதீர்கள். சொகுசு கிடைத்தது உண்மையாக இருக்கலாம், இழந்ததும் உண்மை. அவர் அழுதால் அழட்டும். எப்போது, எவ்வளவு தூரம் தேடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நாம் கைத்தடியாக இருக்கலாம். பின்னாலிருந்து தள்ளக் கூடாது.

இரண்டாவது, தாளை நம்புங்கள், ஆனால் சரிபாருங்கள். பிறப்புப் பத்திரம், நீதிமன்ற உத்தரவு, மருத்துவமனைச் சீட்டு, வளர்ப்புப் பெற்றோர் எடுத்த பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து ஒப்பிட வேண்டும். நாளும் ஊரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா? பிறந்ததாகச் சொல்லும் ஊருக்கும் பதிவு செய்த ஊருக்கும் என்ன தூரம்? ஊர்ப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வார்கள்? இங்கே தமிழ் தெரிந்த ஒருவரின் உதவி பொன்னானது.

மூன்றாவது, தாயின் மானத்தைக் காப்பாற்றுங்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். அந்தப் பெண் பின்னர் மணமாகி, பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டிருக்கலாம். கணவனிடம்கூடச் சொல்லாத ரகசியத்தை நெஞ்சில் சுமந்திருக்கலாம். லயத்து வீடுகளின் சுவர் எவ்வளவு மெல்லியது என்று நமக்குத் தெரியாதா? ஒரு வாசலில் பேசுவது பத்து வாசலில் கேட்கும். வெள்ளைக்காரரோடும் கேமராவோடும் போய் அவர் வாசலில் நின்றால், ஒருவருக்கு உதவப் போய் இன்னொருவர் வாழ்வைக் குலைத்தவர்கள் ஆவோம். அவருடைய மொழி பேசும் ஒரு பெண் தனியாகப் போக வேண்டும். "பழைய காலத்தைப் பற்றி விசாரிக்க வெளிநாட்டில் ஒருவர் ஆசைப்படுகிறார்" என்று மட்டும் மெதுவாகத் தொடங்க வேண்டும். அவர் "எனக்குத் தெரியாது" என்றால் வற்புறுத்தாமல், ஒரு முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஓராண்டு கழித்து அவரே கடிதம் எழுதலாம்.

நான்காவது, அவசரப்பட்டு உறவு முடிக்காதீர்கள். "மூக்கு அப்படியே இருக்கிறது, கண் அப்படியே இருக்கிறது" என்று கட்டிப்பிடித்து அழுதபின், மரபணுச் சோதனையில் உறவே இல்லை என்று தெரிந்த நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. அந்த இரண்டாம் பிரிவைத் தாங்குவது எளிதன்று. சோதனை முதலில், விருந்து பிறகு. தேடுபவரிடம் பணம் பறிக்க நினைக்கும் தரகர்கள் இன்றும் இருக்கலாம். பிள்ளையைக் கொண்டுபோனதும் தரகன், திருப்பிக் காட்டுவதும் தரகன் என்ற நிலை வரக் கூடாது.

ஐந்தாவது, சந்திப்புக்கு இரு பக்கத்தையும் தயார் செய்யுங்கள். தாயின் வீட்டார், வெளிநாட்டுப் பிள்ளை என்றால் கைநிறையப் பணம் என்று எதிர்பார்க்கலாம். வந்தவரோ, தம்மைப் பணத்துக்காகத்தான் ஏற்கிறார்களோ என்று அஞ்சலாம். தாய், காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார். பிள்ளைக்கு என்ன செய்வதென்றே தெரியாது. "ஏன் என்னைக் கொடுத்தாய்?" என்ற கேள்வி முதல் நாளே வேண்டாம். "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? நான் பிறந்தபோது எப்படி இருந்தேன்?" என்று தொடங்கலாம். மொழிபெயர்ப்பவர், சொன்னதை உள்ளபடி சொல்ல வேண்டும். கூட்டியும் குறைத்தும் அழகுபடுத்தக் கூடாது. ஏற்கெனவே பொய்யால் புண்பட்டவர்கள் அவர்கள்.

ஆறாவது, கிடைக்காமலும் போகலாம் என்பதை முன்பே சொல்லி வையுங்கள். தாய் காலமாகியிருக்கலாம், தடயமே இல்லாமல் இருக்கலாம். அப்போதும் தேடல் வீண் அன்று. பிறந்த மண்ணை மிதிப்பதும், அந்த மொழியில் பத்துச் சொல் கற்பதும், அந்தத் தோட்டத்துச் சோற்றை உண்பதும், தம் போன்ற மற்றத் தத்துப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதும் ஆறுதல்தான். தூக்கமின்றி, உணவின்றி மனம் சோர்ந்துபோனால், மனநலம் அறிந்தவரிடம் அழைத்துச் செல்வதும் துணைநிற்பவரின் கடமை.

நேயர்களே, வெளியாரைப் பற்றி இவ்வளவு பேசினோம். நம் வீட்டுக்குள்ளும் சிறிது பார்ப்போம்.

எடுத்து வளர்ப்பது நம் மலேசியத் தமிழருக்குப் புதிதன்று. சீனக் குடும்பங்களில் பிறந்த பெண் குழந்தைகளை நம்மவர் வாங்கித் தம் பிள்ளைகளாக வளர்த்த வழக்கம் பழையது. அந்தப் பெண்கள் தமிழ் பேசி, பால்குடம் எடுத்து, நம் குடும்பங்களின் பாட்டிமார் ஆகியிருக்கிறார்கள். இது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால், அந்த அன்போடு சில வீடுகளில் ஒரு பொய்யும் கலந்துவிடுகிறது. எடுத்த பிள்ளையைப் பெற்ற பிள்ளை என்று பதிவு செய்துவிடுகிறார்கள். அல்லது பதிவே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அன்பினால் செய்ததுதான். ஆயினும், பின்னாளில் குடியுரிமை, பள்ளி, வேலை, திருமணம் என ஒவ்வொரு வாசலிலும் தடைபட்டு நிற்பது அந்தப் பிள்ளைதான். கொழும்புத் தரகன் பணத்துக்காக எழுதிய பொய்யும், நாம் பாசத்துக்காக எழுதிய பொய்யும் பிள்ளையின் கையில் ஒரே விதமான வெற்றுத்தாளாகவே போய் முடிகின்றன.

தீபகற்ப மலேசியாவில் தத்தெடுக்க முறையான சட்டங்கள் உண்டு. 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றத்தின் வழியாகச் செய்யலாம். அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டப்படி, பிள்ளையைத் தொடர்ந்து இரண்டாண்டு வளர்த்துவந்தவர்கள் தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்துகொள்ளலாம். தத்து எடுத்துவிட்டால் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அது தனி விவகாரம். தொடக்கத்திலேயே பதிவிலாகாவிலும் சமூகநல இலாகாவிலும் கேட்டுத் தெளிவது நல்லது.

பிள்ளையிடம் எப்போது சொல்வது? நம் நாட்டில் பன்னிரண்டு வயதில் பிள்ளைகளுக்கு அடையாளக் கார்டு எடுக்கிறோம். அன்று பதிவிலாகா முகப்பில் நின்றுகொண்டு, முன்பின் அறியாத ஒருவர் வாயால் ஒரு பிள்ளை தன் பிறப்பை அறியக் கூடாது. பக்கத்து வீட்டுச் சண்டையிலும் அறியக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் நாம் அறிந்தவரை, சிறு வயதிலேயே, மடியில் வைத்துக் கதைபோலச் சொல்லி வளர்த்த பிள்ளை தளர்வதில்லை. "நீ என் வயிற்றில் பிறக்கவில்லை, நாங்கள் ஆசைப்பட்டு எடுத்துவந்த பிள்ளை" என்று தாயே சொல்லிவிட்டால், பிறகு ஊர் வாய்க்கு என்ன வேலை?

சொல்வதோடு, வைத்திருக்கவும் வேண்டும். பிள்ளையைப் போர்த்திவந்த துணி, மருத்துவமனைச் சீட்டு, பெற்றவளின் பெயர், மருத்துவச்சியின் பெயர், கொடுத்த நாள், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. உலகின் மறுகோடியில் ஒருவர் விமானச் சீட்டு வாங்கி, மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் அலைந்து தேடுவது, இப்படி யாரோ ஒருவர் எழுதி வைக்காமல் போன நான்கு வரிகளைத்தான்.

வயதில் மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடைபட்ட லயங்கள், பெயர் மாறிய தோட்டங்கள், எங்கெங்கோ பிரிந்துபோன குடும்பங்கள் உங்கள் நினைவில்தான் இன்னும் இருக்கின்றன. இந்த வாரம் ஒருநாள் மாலை, எழுதத் தெரிந்த பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் எந்த லயத்தில் இருந்தார்கள், யார் பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்று சொல்லுங்கள், அவன் எழுதட்டும். சொல்லக்கூடாத ரகசியம் இருந்தால், அதற்குரியவரிடம் மட்டும், உரிய நேரத்தில், தனியே சொல்லுங்கள்.